எழுபதுக்கு முப்பது: மழைக்கும் பங்குச்சந்தைக்கும் பொதுவான ஒரு கணக்கு

1960களின் தொடக்கம். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிரோ, ஹார்வர்டில் ஓர் உரை நிகழ்த்தப் போயிருந்தார். மக்களின் வருமானம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பது தலைப்பு. அழைத்தவர் ஹென்ட்ரிக் ஹவுத்தாக்கர் என்ற பொருளியல் பேராசிரியர். அவருடைய அறைக்குள் நுழைந்த மாண்டல்பிரோ திகைத்து நின்றுவிட்டார். இன்னும் சற்று நேரத்தில் தான் வரைந்து காட்டப்போகிற படம் ஏற்கெனவே கரும்பலகையில் இருந்தது. என் படம் இங்கே எப்படி வந்தது என்று கேட்டால், ஹவுத்தாக்கருக்குக் கேள்வியே புரியவில்லை. பலகையில் இருந்தது வருமானக் கணக்கே இல்லை, பருத்தி விலை.

ஹவுத்தாக்கர் அந்தப் பருத்தி விலையோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போயிருந்தார். விலை மாற்றம் பற்றி அன்றைக்கு இருந்த கருத்து, லூயி பாஷெலியே 1900இல் பாரிசில் எழுதிய ஆய்வேட்டிலிருந்து வந்தது. ஒவ்வொரு மாற்றமும் நாணயம் சுண்டுவது மாதிரி; ஏகப்பட்ட சின்னச் சின்னக் காரணங்கள் கூடிக் கழிந்து மிஞ்சுவதுதான் அன்றைய ஏற்றமோ இறக்கமோ. அப்படிக் கூடிக் கழிபவை எல்லாம் கடைசியில் மணி வடிவ வளைவில் வந்து உட்காரும். நடுவில் கூட்டம், ஓரத்தில் ஆளே இருக்காது, ஒரு வகுப்பு மாணவர்களின் உயரத்தைப் போல. பருத்தி அப்படி உட்கார மறுத்தது. ஓரத்தில், இருக்கவே கூடாத இடத்தில், பெரிய தாவல்கள் நிறைய இருந்தன. மாற்றங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டால் ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வோர் எண் வந்தது. தரவு சேரச் சேர விடை ஓரிடத்தில் நிலைபெற வேண்டும், இங்கே அது அலைந்துகொண்டே இருந்தது. அலுத்துப்போன ஹவுத்தாக்கர், விலைகளைத் துளையிட்டு வைத்திருந்த கணினி அட்டைகளை மாண்டல்பிரோவிடமே கொடுத்தனுப்பிவிட்டார்.

1963இல் மாண்டல்பிரோ வெளியிட்ட முடிவு இரண்டு பகுதி கொண்டது. பெரிய தாவல்கள் பிழையோ விதிவிலக்கோ இல்லை, அவையும் பரவலின் இயல்பான உறுப்புகள். இன்னொன்று இதைவிட விசித்திரம்: ஒரு நாள் மாற்றத்தின் வரைபடமும் ஒரு மாத மாற்றத்தின் வரைபடமும் ஒரே வடிவம். அச்சில் நாளா மாதமா என்று எழுதாமல் மறைத்துவிட்டால் எது எது என்று சொல்ல முடியாது. காலிஃபிளவரில் ஒரு பூவைக் கிள்ளி எடுத்தால் அதுவே ஒரு குட்டிக் காலிஃபிளவராக இருக்கிறதே, அந்தக் குணம். இதற்கு ஃபிராக்டல் என்று அவர் பெயர் வைத்தது பின்னால், 1975இல்.

ஆனால் இதில் ஒன்று விட்டுப்போகிறது. பருத்தியின் அன்றாட மாற்றங்களை எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போடுங்கள். எத்தனை பெரிய தாவல், எத்தனை சின்னத் தாவல் என்ற எண்ணிக்கை மாறாது. ஆனால் விலைப்படம் பார்க்க வேறு மாதிரி ஆகிவிடும். உண்மையான படத்தில் அமைதியான மாதங்கள் சேர்ந்தாற்போல் வருகின்றன, கலவரமான வாரங்களும் சேர்ந்தாற்போல் வருகின்றன. கலைத்த படத்தில் எல்லாம் சீராகத் தூவப்பட்டிருக்கும். தாவலின் அளவு ஒரு விஷயம் என்றால், அது வரும் வரிசை இன்னொரு விஷயம். வரிசையின் ரகசியத்தை முதலில் பிடித்தவர் பொருளியல்காரர் இல்லை, அணைக்குக் கணக்குப் போட்ட ஓர் ஆங்கிலேயர்.

ஹரால்டு எட்வின் ஹர்ஸ்ட் 1906இல் எகிப்துக்குப் போனார். ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் நைல் நதிதான். 'அபு நில்', அதாவது நைலின் தகப்பன் என்று அவரைக் கூப்பிட்டார்களாம். அவர் முன்னாலிருந்த கேள்வி எளிமையானது. ஒவ்வோர் ஆண்டும் சராசரி அளவு தண்ணீரை மட்டும் திறந்துவிட வேண்டும், அணை வழியவும் கூடாது, வற்றவும் கூடாது. அதற்கு எவ்வளவு பெரிய அணை வேண்டும்?

இதற்கு அவருக்குக் கிடைத்த தரவு வேறு எந்த நதிக்கும் வாய்க்காதது. கெய்ரோவில் ரோடா என்ற தீவில் நிலோமீட்டர் இருக்கிறது. கிணறு மாதிரியான ஆழமான அறை, நடுவில் முழக்கணக்கு பொறித்த பளிங்குத் தூண். இப்போதிருக்கும் கட்டடம் 861இல் கட்டியது. வெள்ள அளவுப் பதிவுகள் 622இலிருந்து கிடைக்கின்றன. இவ்வளவு அக்கறையாக அளந்ததற்குக் காரணம் அறிவியல் ஆர்வம் இல்லை, வரி. தூணில் தண்ணீர் எத்தனை முழம் ஏறியது என்பதைப் பார்த்துத்தான் அந்த ஆண்டின் விளைச்சலையும் வரியையும் மதிப்பிட்டார்கள். இயற்கையின் ஏற்ற இறக்கமும் கஜானாவின் ஏற்ற இறக்கமும் ஒரே தூணில் பதிவாயின என்று சொல்லலாம்.

ஓர் ஆண்டு வரத்துக்கும் அடுத்த ஆண்டு வரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அணையின் தேவை, ஆண்டுகளின் எண்ணிக்கையுடைய வர்க்கமூலத்தின் விகிதத்தில் வளரும். திட்டமிடும் காலத்தை நான்கு மடங்காக்கினால் தேக்கம் இரண்டு மடங்கானால் போதும். அதாவது அடுக்கு 0.5. ஹர்ஸ்டுக்குக் கிடைத்தது 0.5 இல்லை. நைல் மட்டுமில்லாமல் வேறு நதிகள், மழை, மரவளையம், ஏரியடிப் படிவு என்று கைக்குக் கிடைத்த நீண்ட பதிவுகளை எல்லாம் போட்டுப் பார்த்தார், சராசரியாக 0.73 வந்தது. நான்கு மடங்கு காலத்துக்கு 2.75 மடங்கு தேக்கம். நல்ல ஆண்டுகள் நல்ல ஆண்டுகளோடும், கெட்டவை கெட்டவையோடும் கூட்டம் சேர்கின்றன என்பதுதான் இதன் அர்த்தம். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று நம்மவர்கள் சொல்வதற்கு ஓர் எண் கிடைத்துவிட்டது.

கணினி இல்லாத அந்தக் காலத்தில் இதைப் போலியாக உருவாக்கிப் பார்க்க ஹர்ஸ்ட் சீட்டுக்கட்டைப் பயன்படுத்தினார். எண்கள் எழுதிய சீட்டுகளில் கொஞ்சத்தை மாற்றி வைத்து, கட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுவார். ஜோக்கர் வரும்வரை அந்தச் சாய்வு நீடிக்கும், ஜோக்கர் வந்ததும் எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாக ஒரு சாய்வு. இதிலேயே நைலைப் போன்ற தொடர் வந்துவிட்டது. 1951இல் கட்டுரை வெளியானபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

மாண்டல்பிரோ இதை விடவில்லை. ஜேம்ஸ் வாலிஸ் என்ற நீரியலாளரோடு சேர்ந்து 1968இல் இரண்டு குணங்களுக்கும் விவிலியத்திலிருந்து பெயர் வைத்தார். நாற்பது நாள் மழையைப் போல், எதிர்பாராத பெரிய தாவல் வந்தால் நோவா விளைவு. பார்வோனின் கனவில் வந்த ஏழு செழிப்பான ஆண்டு, ஏழு பஞ்ச ஆண்டு மாதிரி நிலைமை நீண்டு தொடர்ந்தால் யோசேப்பு விளைவு. பருத்தியில் அவர் பார்த்தது நோவா, நைலில் ஹர்ஸ்ட் பார்த்தது யோசேப்பு. இரண்டும் ஒரே இடத்தில் வந்தால்?

ஓர் எண் போதாத இடம்

2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓர் ஆண்டு சராசரியே அவ்வளவு கிடையாது. அதே நாளில், கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க திருச்செந்தூரில் 69 செ.மீ. ஒரே மேகக்கூட்டம், ஒரே கடற்கரை, ஒரே நாள். இடையில் 26 செ.மீ. வித்தியாசம். அந்த வித்தியாசமே பல ஊர்களுக்கு ஒரு பருவத்தின் மழை. அன்றைய 24 மணி நேரத்தை மணிக்கணக்காகவும் நிமிடக்கணக்காகவும் உடைத்துப் பார்த்தாலும் இதே கதைதான் தெரியும். மழை எந்த அளவில் பார்த்தாலும் சமமாகப் பெய்வதில்லை.

சாதாரண ஃபிராக்டலுக்கு ஓர் எண் போதும். பெரிதாக்கும்போது எவ்வளவு கூடுகிறது என்று அந்த ஓர் எண் சொல்லிவிடும், படத்தின் எந்த மூலைக்கும் அதே எண் பொருந்தும். மழையில் இது எடுபடாது. கொட்டித் தீர்க்கும் இடத்துக்கு ஓர் எண், தூறலுக்கு ஓர் எண், இடைப்பட்டதற்கு வேறோர் எண் என்று தேவைப்படுகிறது. இப்படி ஒரே பொருளுக்குள் பல ஃபிராக்டல்கள் பின்னிக் கிடப்பதுதான் மல்டிஃபிராக்டல். பெயர் பயமுறுத்தினாலும் உள்ளே இருப்பது ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்.

இந்தக் கருத்து பிறந்த இடம் காற்று. ஓடும் காற்றிலும் நீரிலும் பெரிய சுழல் உடைந்து சின்னச் சுழலாகி, அது உடைந்து அதைவிடச் சின்னதாகி, கடைசியில் உராய்வில் வெப்பமாகிப்போகும். ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரே கோல்மொகொரோவ் 1941இல் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார். மேலிருந்து கீழே இறங்கும் ஆற்றலின் சராசரி ஓட்டம் ஒன்றை வைத்தே கணக்கை முடித்தார். இயற்பியலாளர் லெவ் லாந்தாவ் ஆட்சேபித்தார். ஆற்றல் இடத்துக்கு இடம் ஏறி இறங்குமே, சராசரியை மட்டும் வைத்து எப்படி? 1949இல் பேச்சலரும் டவுன்சென்டும் செய்த அளவீடுகளில் அது தெரிந்தது. சின்ன அளவுகளில் காற்று பெரும்பாலும் சும்மா இருக்கிறது, திடீரென ஓரிடத்தில் வெறி பிடித்தாற்போல் ஆடுகிறது, மறுபடி சும்மா இருக்கிறது. ஆடிக்காற்றில் ஜன்னல் கதவை ஒருக்களித்து வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. அடிப்பது எப்போதும் வேகமாகத்தான் என்றால் தாழ்ப்பாள் போட்டுவிடுவோம், நடுநடுவே ஓய்ந்து நம்பவைப்பதால்தானே கண்ணாடி உடைகிறது. 1962இல் கோல்மொகொரோவே தன் கோட்பாட்டைத் திருத்தினார். 1974இல் மாண்டல்பிரோ இதை அடுக்கடுக்கான பெருக்கல் கணக்காக விரித்தார். 1980களின் நடுவில் யூரியல் ஃபிரிஷும் ஜார்ஜியோ பாரிசியும் மல்டிஃபிராக்டல் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2021இல் இயற்பியல் நோபல் பெற்ற அதே பாரிசிதான்.

ஒரு மழையைக் கையால் செய்வது

சரி, அந்தப் பெருக்கலைச் செய்தே பார்த்துவிடலாம். ஒரு நாணயமும் தாளும் போதும். எக்செல் தெரிந்தால் பத்து நிமிட வேலை.

1024 நிமிடம் பெய்கிற ஒரு மழையை எடுத்துக்கொள்வோம். பதினேழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 102.4 மி.மீ., நம் பக்கத்தில் ஐப்பசி கார்த்திகையில் சாதாரணமாக நடப்பதுதான். நிமிடத்துக்குச் சராசரி 0.1 மி.மீ. இப்போது இந்த நேரத்தை இரண்டு பாதியாக வெட்டுங்கள். மழையை ஆளுக்குப் பாதி என்று கொடுக்காமல் ஒரு பாதிக்கு 70 சதவீதம், மற்றதற்கு 30 சதவீதம் கொடுங்கள். எது எதற்கு என்பதை நாணயம் முடிவு செய்யட்டும். ஒரு பக்கம் 71.7 மி.மீ., மறுபக்கம் 30.7. அடுத்து ஒவ்வொரு பாதியையும் மறுபடி வெட்டி, மறுபடி நாணயம் சுண்டி, மறுபடி எழுபதுக்கு முப்பது. பத்து முறை இப்படிச் செய்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு நிமிடம்.

மழை எங்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பங்குதான் போட்டோம். எழுபதுக்கு முப்பது அப்படியொன்றும் அநியாயமான பங்கும் இல்லை, பாகப்பிரிவினையில் இதைவிட மோசமாக நடக்கும். ஆனால் முடிவைப் பாருங்கள். பத்து முறையும் எழுபது விழுந்த ஒரே ஒரு நிமிடத்தில் 2.9 மி.மீ. மழை, சராசரியைப் போல 29 மடங்கு. அந்த வேகம் ஒரு மணி நேரம் நீடித்தால் 17 செ.மீ. பெய்துவிடும். பத்து முறையும் முப்பது விழுந்த நிமிடத்தில் கிடைப்பது சராசரியில் 165இல் ஒரு பங்கு, குடை தேவைப்படாது. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள விகிதம் 4,780க்கும் மேல். ஒவ்வொரு படியிலும் இருந்த வித்தியாசம் இரண்டேகால் மடங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அது பத்து முறை தன்னைத்தானே பெருக்கிக்கொண்டது.

இன்னும் உள்ளே போனால்தான் 'மல்டி' என்பதன் பொருள் தெரியும். நிமிடங்களில் மிக அதிக எண்ணிக்கையில் இருப்பவை ஐந்து எழுபதும் ஐந்து முப்பதும் விழுந்தவை: 252 நிமிடம். ஆனால் மொத்த மழையில் அவற்றின் பங்கு பத்து சதவீதம்தான். ஏழோ அதற்கு மேலோ எழுபது விழுந்த நிமிடங்கள் வெறும் 176, மொத்த நேரத்தில் 17 சதவீதம். மழையில் 65 சதவீதம் அங்கேதான் விழுந்திருக்கிறது. ஆக, நேரத்தின் பெரும்பகுதி ஓரிடத்தில் இருக்கிறது, மழையின் பெரும்பகுதி வேறோரிடத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு வகை நிமிடத்துக்கும் ஒரு தனி வளர்ச்சி விகிதம் உண்டு. இன்னும் நுணுக்கமாக, அரை நிமிடம், கால் நிமிடம் என்று வெட்டிக்கொண்டே போகும்போது மொத்தத் துண்டுகள் ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகும். மழையின் பெரும்பகுதியைச் சுமக்கும் துண்டுகளோ ஏறத்தாழ 1.84 மடங்காக மட்டுமே கூடும். இந்தப் பெருக்கத்தை இரண்டின் அடுக்காக எழுதினால் கிடைக்கும் எண்ணைப் பரிமாணம் என்பார்கள். இரட்டிப்பானால் அது 1. இங்கே அது முழு 1 இல்லை, சுமார் 0.88. உச்ச மழைத் துண்டு எத்தனை படி போனாலும் ஒன்றே ஒன்றுதான். அதன் பரிமாணம் சுழி. இடையில் ஒவ்வொரு தீவிரத்துக்கும் ஒவ்வொரு பரிமாணம். இவற்றை வரிசையாக வரைந்தால் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு வளைவு வரும். மல்டிஃபிராக்டல் ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் படம் அதுதான். கிண்ணம் அகலமாக இருந்தால் ஏற்றத்தாழ்வு அதிகம். ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டால் அது சாதாரண ஃபிராக்டல்.

எழுபது என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 1987இல் யேல் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் மெனவோவும் கே.ஆர். ஸ்ரீனிவாசனும் கொந்தளிக்கும் காற்றோட்டத்தில் ஆற்றல் எங்கெங்கே செலவாகிறது என்று அளந்து, இதே நாணயக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். ஸ்ரீனிவாசன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்துப்போனவர். அளவீட்டில் கிடைத்த கிண்ணத்தோடு இந்த எளிய கணக்கின் கிண்ணம் கச்சிதமாகப் பொருந்தியது. பங்கு விகிதம் 0.7க்கு 0.3. பல்லாண்டாகப் பலர் தலையை உடைத்துக்கொண்ட கொந்தளிப்பு, ஒரு பள்ளிப் பையன் செய்யக்கூடிய பங்கீட்டில் இவ்வளவு தூரம் அடங்குகிறது என்பது எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாத விஷயமாகத்தான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஹர்ஸ்டின் 0.73க்கும் இந்த 0.7க்கும் எந்த உறவும் கிடையாது. எண்கள் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவே.

சந்தையின் கடிகாரம்

1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. மணி வளைவின்படி பார்த்தால் திட்டவிலக்கத்தைப் போல இருபது மடங்குக்கும் மேற்பட்ட வீழ்ச்சி. பிரபஞ்சத்தின் வயது முழுவதும் சந்தை திறந்திருந்தாலும் ஒரு முறைகூட வரக்கூடாதது. நோவா விளைவுக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அது. எனக்கு அந்த ஒரு நாளைவிட அதன் அக்கம்பக்கத்து நாட்கள்தான் சுவாரசியம். முந்தைய வெள்ளிக்கிழமையே 4.6 சதவீதம் விழுந்திருந்தது. செவ்வாய் 5.9 சதவீத ஏற்றம், புதன் 10.1 சதவீத ஏற்றம், வியாழன் 3.8 சதவீத இறக்கம், அடுத்த திங்கள் மறுபடி 8 சதவீத இறக்கம். ஏறுமா இறங்குமா என்பதில் ஒழுங்கே இல்லை. ஆனால் பெரிதாக இருக்கும் என்பதில் ஒழுங்கு இருக்கிறது. நோவாவும் யோசேப்பும் கைகோத்து வரும் இடம் இதுதான்.

திசைக்கு ஞாபகம் இல்லை, அளவுக்கு ஞாபகம் உண்டு. பொருளியலாளர் ராபர்ட் எங்கிள் 1982இல் இதை ஒரு சமன்பாட்டில் பிடித்தார், 2003இல் அதற்கு நோபல் கிடைத்தது. அந்த ஞாபகம் நாள்கணக்கில் மறைந்துவிடுவதில்லை, மாதங்களைத் தாண்டியும் மெல்ல மெல்லத்தான் தேய்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

1997இல் மாண்டல்பிரோ, அப்போது யேலில் இருந்தவர், அட்லாய் ஃபிஷர், லொரான் கால்வே ஆகியோருடன் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார். விலை நாணயம் சுண்டுவது மாதிரித்தான் நகர்கிறது, பாஷெலியே சொன்னது தவறில்லை. ஆனால் நாணயம் நம் கைக்கடிகாரப்படி சுண்டப்படுவதில்லை. சந்தைக்கு ஒரு தனிக் கடிகாரம் இருக்கிறது. சில நாள் அது நத்தையாக ஊர்கிறது, சில நாள் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மாதம் ஓடிவிடுகிறது. அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதுதான் மல்டிஃபிராக்டல். நாம் மேலே செய்த மழையை எடுத்து, 'மி.மீ.' என்பதை அழித்துவிட்டு 'சந்தை நேரம்' என்று எழுதிக்கொள்ளுங்கள். கொட்டும் நிமிடங்களில் சந்தைக் கடிகாரம் பறக்கிறது, தூறும் நிமிடங்களில் தூங்குகிறது. அந்த ஒரு மாற்றத்திலேயே பெரிய தாவல்கள் நிறைந்த தடித்த ஓரமும் நீண்ட ஞாபகமும் திசையில் ஞாபகமின்மையும் மூன்றுமாகச் சேர்ந்து வந்துவிடுகின்றன. வாழ்க்கையில் ஒருமுறையாவது பங்குச்சந்தைத் திரையை இரண்டு மணி நேரம் பார்த்தவர்களுக்கு இது சரியென்று படும்.

சந்தையில் எதற்குப் பெருக்கல்? ஏனென்றால் அங்கே யாரும் ரூபாயில் பயப்படுவதில்லை, சதவீதத்தில் பயப்படுகிறார்கள். ஏற்ற இறக்கம் கூடினால் தரகர் கேட்கும் மார்ஜின், அதாவது ஈட்டுப் பணம், கூடும், மார்ஜின் கட்ட முடியாதவன் விற்பான், அந்த விற்பனை ஏற்ற இறக்கத்தை இன்னும் கூட்டும். இருக்கிற கலவரத்தின் விகிதத்தில் அடுத்த கலவரம். அதோடு ஓய்வூதிய நிதி ஆண்டுக்கணக்கில் யோசிக்கிறது, மியூச்சுவல் ஃபண்டு மாதக்கணக்கில், தினவணிகர் நிமிடக்கணக்கில். நீண்டகால ஏற்ற இறக்கம் குறுகியகாலத்தை முன்னறிவிப்பது, எதிர்த்திசையில் நடப்பதைவிட வலுவாக இருக்கிறது என்று அந்நியச் செலாவணிச் சந்தைத் தரவுகளில் பார்த்திருக்கிறார்கள். பெரிய சுழல் சின்னச் சுழலுக்குத் தள்ளிவிடுவது போலத்தான்.

இந்த ஒற்றுமையைக் கண்டு துள்ளிக்குதித்தவர்களும் உண்டு. 1996இல் நேச்சர் இதழில் ஒரு குழு, டாலருக்கும் ஜெர்மன் மார்க்குக்கும் இடையிலான மாற்று விகிதத்தைக் காற்றின் வேகத்தோடு ஒப்பிட்டு, அங்கே ஆற்றல் இறங்குவது போல் இங்கே தகவல் இறங்குகிறது என்றது. அதே ஆண்டு, அதே இதழில் ரொசாரியோ மன்டேன்யாவும் யூஜின் ஸ்டான்லியும் மறுத்தார்கள். காற்றின் வேகத்தில் அடுத்தடுத்த மாற்றங்களுக்கிடையே தெளிவான தொடர்பு உண்டு, விலை மாற்றத்தில் அது இல்லை என்று கணக்குக் காட்டினார்கள். என் ஓட்டு அவர்கள் பக்கம். காற்றில் ஆற்றல் அழியாது, கீழே இறங்கியே ஆக வேண்டும். சந்தையில் அப்படிக் காக்கப்படும் பொருள் எதுவும் கிடையாது. தகவல் என்பதை யாரும் ஜூல் என்ற ஆற்றல் அலகில் அளந்ததில்லை. பொதுவாக இருப்பது பெருக்கல் என்ற செயல். எதைப் பெருக்குகிறோம் என்பது வேறு வேறு. இரண்டு கடைகளில் ஒரே கால்குலேட்டர் இருந்தால் இரண்டும் ஒரே வியாபாரம் ஆகிவிடாது.

இதயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1999இல் பிளாமென் இவானோவ், ஆரி கோல்ட்பர்கர், ஸ்டான்லி முதலியோர் இதயத்துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை ஆராய்ந்தார்கள். ஆரோக்கியமான இதயத்தின் கிண்ணம் அகலம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் கிண்ணம் சுருங்கியிருந்தது. கடிகாரம் மாதிரி துடிக்கிற இதயம் நல்ல இதயம் என்ற நம் நினைப்புக்கு நேர் எதிர். சந்தையில் நாம் நோய் என்று பயப்படும் அகலம், உடம்பில் நலத்தின் அடையாளமாகிவிடுகிறது.

இவ்வளவு சொன்னபின் கசப்பான பகுதி. மல்டிஃபிராக்டல் இருக்கிறதா என்று பார்க்கும் வழி இது: பெரிய மாற்றங்களை மட்டும் பூதக்கண்ணாடியில் பெருக்கிப் பார், சின்ன மாற்றங்களை மட்டும் பெருக்கிப் பார், லாக் (மடக்கை) தாளில் இரண்டுக்கும் ஒரே சாய்வா, வேறு வேறு சாய்வா? வேறு என்றால் மல்டிஃபிராக்டல். 2002இல் கான்டெல்ஹார்ட் குழு இதற்கு எளிதான கணக்குமுறை ஒன்று தந்ததும் வெள்ளம் திறந்துகொண்டது. ஒரு நாட்டின் பங்குக் குறியீட்டை இறக்கிக்கொள், நிரலில் போடு, கிண்ணத்தை வரை, கட்டுரையை அனுப்பு. தங்கம், எண்ணெய், பிட்காயின் என்று எதையும் விடவில்லை. அவற்றில் பலவற்றைப் படித்தால் கிண்ணத்தின் அகலத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை.

ஆபத்து என்னவென்றால், மல்டிஃபிராக்டல் இல்லாத இடத்திலும் கிண்ணம் வந்துவிடும். தரவு குறைவாக இருந்து, நாலைந்து பெரிய தாவல்கள் மட்டும் இருந்தாலே சாய்வுகள் விலகும். ஷான்-பிலிப் பூஷோவும் சகாக்களும் 2000இல் இதைச் செய்தே காட்டினார்கள். மல்டிஃபிராக்டல் இல்லை என்று முன்பே தெரிந்த ஒரு மாதிரியிலிருந்து விலைகளை உருவாக்கி, கணக்கில் போட்டால் அசலைப் போலவே மல்டிஃபிராக்டலாகத் தெரிகிறது. அதற்கு ஓரளவு மருந்து, தொடக்கத்தில் சொன்ன சீட்டுக்கட்டு வேலை: நாட்களைக் கலைத்துப் போட்டு மறுபடி கணக்கிடுவது. கலைத்தபின்னும் கிண்ணம் அகலமாகவே இருந்தால் அது வந்தது தடித்த ஓரத்திலிருந்து, வரிசையிலிருந்து இல்லை. இந்தச் சோதனை இல்லாத கட்டுரையை நான் இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை.

இது எதிர்காலத்தைச் சொல்லும் கருவியும் இல்லை. அடுத்த எழுபது எந்தப் பாதியில் விழும் என்பதை நாணயம்தான் முடிவு செய்கிறது. மாவட்டத்துக்குப் பத்து செ.மீ. என்று வானிலைக் கணிப்பு சொன்னால், அதற்குள் ஒரு வார்டில் எவ்வளவு வரை போகலாம் என்ற வீச்சைச் சொல்லலாம். வடிகால் போடுகிறவருக்கு அது பெரிய உதவி. எந்த வார்டு என்று கேட்டால் பதில் கிடையாது.

நைலுக்கு வருவோம். ஹர்ஸ்ட் குழு கேட்டது மேல்நைல் ஏரிகளில் நூற்றாண்டுக்குத் தாங்கும் சேமிப்பு. எகிப்து கட்டியது ஆஸ்வானில் ஒரே பேரணை, 1970இல் முடிந்தது. நாசர் ஏரியின் கொள்ளளவு நதியின் சராசரி ஆண்டு வரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1980களில் எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் மழை பொய்த்தது, ஓராண்டில் நிற்காமல் அடுத்தடுத்துப் பொய்த்தது. ஏரி ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. 1988 ஜூலையில் நீர்மட்டம் 150 மீட்டரை ஒட்டி வந்துவிட்டது. 147க்குக் கீழே போனால் டர்பைன்களை நிறுத்த வேண்டும். கெய்ரோவில் மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடு பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆகஸ்டு 4ஆம் தேதி இரவு மேல்நதிப் பக்கம் சூடானின் கார்ட்டூமில் மழை பிடித்தது. 24 மணி நேரத்தில் சுமார் 200 மி.மீ., அந்தப் பாலைநில நகரத்தின் சராசரி ஆண்டு மழையைவிட அதிகம். பின்னாலேயே நீல நைலில் வெள்ளம் வந்து, லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். அதே தண்ணீர் வடக்கே இறங்கி, ஆண்டு முடிவதற்குள் நாசர் ஏரியைப் பல மீட்டர் உயர்த்தியது.